எகோன் ஓல்சனின் அடுத்த திட்டம்

நேயர்களுக்கு வணக்கம். முடிவு தெரிந்த படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்பதுண்டு. டென்மார்க்காரர்கள் பார்த்தார்கள். 1968 முதல் 1998 வரை 14 படங்கள், பெயர் 'ஓல்சன் கும்பல்'.

கதையா? ஒன்றேதான். திருட்டுக் கும்பலின் தலைவர் எகோன் ஓல்சன் சிறையிலிருந்து வெளியே வருவார். கூட்டாளிகள் பென்னியும் செல்டும் வாசலில் காத்திருப்பார்கள். "ஒரு திட்டம் வைத்திருக்கிறேன்" என்பார் எகோன். கவனியுங்கள், அந்தத் திட்டம் பெரும்பாலும் பலிக்கும். பணம் கைக்கு வந்த பிறகுதான் கோட்டை விடுவார்கள். அப்புறம் எகோன் மறுபடி சிறைக்கு. அரங்கத்துக்கு வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இந்தத் தடவை எப்படிக் கோட்டை விடப்போகிறார்கள் என்று பார்க்கத்தான் வந்தார்கள்.

1976-ல் வந்த படத்தில் ஒரு காட்சி. இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கோபன்ஹேகன் அரச நாடக அரங்கம். மேலே வாத்தியக் குழு 'எல்வர்ஹோய்' நாடகத்தின் முன்னிசையை வாசிக்கிறது. 1828-ல் கூலாவ் அமைத்த இசை, டேனிஷ்காரர்கள் பெருமையாக நினைப்பது. கீழே நம்ம ஆட்கள் சுவர் சுவராக உடைத்துக்கொண்டு போகிறார்கள். சத்தம் வெளியே கேட்கக்கூடாதே! அதனால் இசை ஓங்கும் இடம் பார்த்துச் சுத்தியலை இறக்குகிறார்கள். இசை தணிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெடி வைப்பதும் தாளத்துக்குத்தான். மேலே கனவான்கள் ரசித்துக் கேட்கிறார்கள், காலுக்குக் கீழே சுவர் விழுகிறது. இயக்குநர் எரிக் பாலிங் இதில் ஒரு வசனம்கூட வீணாக்கவில்லை. சின்னத் திருடனும் பெரிய இடத்து மரியாதையும் ஒரே தாளத்தில்! இதைவிட நல்ல நகைச்சுவைக் காட்சியை நான் பார்த்ததில்லை.

சரி, கடிகாரம் முறைக்கிறது. கிழக்கு ஜெர்மனியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே ஜெர்மன் குரலில் இந்தப் படங்கள் கொடிகட்டிப் பறந்தன, மேற்கில் அவ்வளவாக எடுபடவில்லை. ஐந்தாண்டுத் திட்டம், அடுத்த திட்டம் என்றே கேட்டு வளர்ந்தவர்களுக்கு எகோனின் திட்டத்தில் கூடுதலாக ஏதோ சிரிப்பு இருந்திருக்கும் என்பது என் ஊகம். நார்வே 1969-லேயே இதே கதைகளைத் தன் நடிகர்களை வைத்து எடுக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்வீடன் 1981-ல். அந்தக் கதைக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.