குவைத் எங்கள் தெருவில் இருந்தது

நடுவர் அவர்களே, குளச்சல் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். 'வெளிநாட்டு அரசியல் கொந்தளிப்பு: வேண்டிய செய்தியா, வேண்டாத பரபரப்பா?' என்பது தலைப்பு. வேண்டிய செய்தியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "கொழும்பில் மக்கள் அதிபர் மாளிகை நீச்சல் குளத்தில் குதித்தார்கள், பார்த்தோம், மறந்தோம்" என்றார். தம்பி, நீங்கள் பார்த்தது 2022 ஜூலை 9. அது கதையின் கடைசிப் பக்கம். 2021 ஏப்ரலில் அன்றைய இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச இரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்தார். வயல் விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடையை விலக்கியபோது காலம் கடந்துவிட்டது. கஜானாவில் டாலர் இல்லை. எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை. 2022 மார்ச்சிலேயே பசி தாங்காமல் குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கினார்கள் தமிழர்கள். நீச்சல் குளப் படம் வர இன்னும் மூன்றரை மாதம் இருந்தது! நம் பழவிளை முகாமிலும் பெருமாள்புரம் முகாமிலும் இருக்கும் இலங்கைத் தமிழரிடம் போய், அது வேண்டாத செய்தி என்று சொல்ல உங்களுக்கு நா எழுமா?

1990 ஆகஸ்ட் 2. ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். பக்கத்து வீட்டு அக்காளின் கணவர் குவைத்தில் கொத்தனார் வேலை பார்த்தார். தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. இரவானால் தெருவே எங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றி உட்காரும். அக்காள் மட்டும் உட்கார மாட்டாள். கைக்குழந்தையோடு வாசற்படியில் நின்றே கேட்பாள். பாலைவனம் கடந்து ஜோர்தானுக்குப் போனவர்களை அம்மான் நகரிலிருந்து விமானத்தில் ஏற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. 59 நாட்களில் 488 விமானப் பயணங்கள். ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் அம்மான் எங்கே இருக்கிறது என்று அன்று தெரிந்திருந்தது. அக்காளின் கணவர் ஒரு பையோடு வந்து சேர்ந்தார், அவ்வளவுதான் மிச்சம். ஆனால் வந்து சேர்ந்தார். அதுவரை அந்த வீட்டில் உலை வைத்ததே அந்த ரேடியோச் செய்தியின் தெம்பில்தான்.

பழங்கதை என்பீர்களா? 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, ஈரான் கரையில் கூலிக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? நம் குமரிக் கடற்கரைப் பிள்ளைகள்.

கடற்கரைக்கு மட்டும்தானா? மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துத் தாய்மார்கள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், உடைக்கும் முந்திரிக் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. அதை மிகுதியாக விளைவிக்கும் நாடான ஐவரி கோஸ்ட்டில் 2010 தேர்தல் முடிந்ததும் அதிபராக இருந்த பாக்போ, அவரை எதிர்த்து நின்ற வட்டாரா இருவருமே அதிபர் என்று ஒரே நாளில் பதவியேற்றார்கள். மறு ஏப்ரலில் பாக்போ பிடிபடும்வரை ரத்தம் சிந்தியது. அங்கே துறைமுகம் அடைத்தால் இங்கே சுத்தியல் ஓயும்.

தொலைக்காட்சியில் கூச்சல் போடுகிறார்கள் என்று தம்பி வருந்தினார். உண்மை, எனக்கும் அது பொறுக்கவில்லை. கூச்சலை அணைத்துவிடுங்கள், முழு மனதோடு உடன்படுகிறேன். கூச்சலோடு சேர்த்துச் செய்தியையும் அணைக்கச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லுமுன் ஒன்று செய்யுங்கள். முன்வரிசைத் தாய்மார்களைப் பாருங்கள். மகனோ, கணவனோ, மருமகனோ இன்றிரவு வேறு நாட்டில் உறங்குகிறான் என்பவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள். அந்தக் கைகளை எண்ணுங்கள்.