ஒலிதே அரண்மனை: வெறுங்கல்லாக நிற்பதற்கு முன்

[காட்சி: ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே எழும் கோபுரங்கள், மேலிருந்து]

வடக்கு ஸ்பெயினில், பம்பலோனா நகருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது ஒலிதே. ஊர் சிறியது. அரண்மனையோ ஊரையே விழுங்கிவிடும் போலப் பெரியது. ஒரு கோபுரம் சதுரம், இன்னொன்று எண்கோணம். ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. முதலிலேயே வரைபடம் போட்டுக் கட்டியதல்ல இது. மன்னருக்கு ஆசை வரவரச் சேர்த்துக்கொண்டே போனது.

அந்த மன்னர் மூன்றாம் கார்லோஸ். ஒலிதே இருக்கும் நவார்ரா தனி அரசாக இருந்தபோது, 1387 முதல் 1425 வரை ஆண்டவர். பிரான்சில் பிறந்தவர். பழைய கோட்டையை ஒட்டி அவர் எழுப்பிய இந்தப் புது அரண்மனை, எதிரிக்கு அஞ்சிக் கட்டியதல்ல. குடும்பத்தோடு வாழ்ந்து களிக்கக் கட்டியது.

[காட்சி: வளைவு மண்டபத்தின் உட்புறம்]

இந்தக் கல் வளைவுகளைப் பாருங்கள். விருந்து மண்டபத்துக்கு இவ்வளவு பருமன் எதற்கு என்று தோன்றும். இங்கே விருந்தே நடக்கவில்லை. நம் தலைக்கு மேலே இருந்தது தோட்டம்! மண்ணும் செடியும், ஊற்றிய நீரை உறிஞ்சிய ஈரமும் சேர்ந்த பாரம் முழுவதையும் தாங்கத்தான் இந்த வளைவுகள். மேலே நந்தவனம், கீழே அதைச் சுமக்க மட்டுமே ஒரு மண்டபம். எனக்கு இந்த அரண்மனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தோட்டத்தோடு நிற்கவில்லை. பறவைகளுக்குத் தனிக் கூடம். சிங்கங்களும் ஒட்டகங்களும் ஓர் ஒட்டகச்சிவிங்கியும்கூட இங்கே வளர்ந்தன.

[காட்சி: சுதை வேலைப்பாடு, மிக அருகில்]

அறைகள் எப்படி இருந்தன? இந்தச் சுதைத் துண்டைப் பாருங்கள். கோடுகள் ஒன்றினுள் ஒன்று புகுந்து, பின்னி, மீண்டும் விரிகின்றன. கிறிஸ்தவ மன்னரின் வீட்டுச் சுவரில் இஸ்லாமியக் கலை மரபின் கைவண்ணம். 15ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர், பொன் பூசிய அறைகள் இத்தனையா என்று வியந்து எழுதியிருக்கிறார். அந்தப் பொன்னும் வண்ணமும்தான் இன்று நம் கண்ணுக்கு எட்டாதவை.

1512இல் நவார்ரா, அண்டை அரசான காஸ்தீலின் கைக்குப் போனது. அரண்மனையைக் கவனிக்க ஆளில்லை. 1813இல், நெப்போலியனின் பிரெஞ்சுப் படை இங்கே அரண் அமைத்துக்கொள்ளக் கூடாதென்று, அதை எதிர்த்துப் போரிட்ட ஸ்பானிய கெரில்லாத் தலைவர் எஸ்போஸ் இ மினா இதற்குத் தீ வைத்தார். கூரைகள், மர வேலைகள் எல்லாம் எரிந்து போயின.

மறுசீரமைப்பு 1937இல் தொடங்கியது. பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் ஹோசே யார்நோஸ். கோபுரங்களின் உருவத்தை அவர் மீட்டுத் தந்தது பெரிய காரியம். ஆனால் உள்ளே போனால் மொட்டைச் சுவர்கள். அந்தக் காலத்து மனிதர்கள் கல்லில்தான் வாழ்ந்தார்கள் என்று குழந்தைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள்.

[காட்சி: வெளிச்சுவர் ஓரம், முட்டை வடிவக் கட்டடம்]

கிளம்பும்போது மதிலுக்கு வெளியே இந்தக் கல் முட்டையைத் தவறவிடாதீர்கள். குளிர்காலத்துப் பனியை அள்ளிவந்து இதனுள் குழியில் போட்டு வைப்பார்கள். கோடையில் அரசரின் மேசைக்குக் குளிர்ச்சி இங்கிருந்துதான் போனது.