சாத்துக்குடி மரத்துக்கு சூடு பார்க்கலாமா?

வணக்கம் நேயர்களே. பெங்களூர்ல வேலை பாத்துக்கிட்டே ஒசூர், கோலார் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி சாத்துக்குடி, எலுமிச்சை வச்சுட்டு சனி ஞாயிறு மட்டும் போய்ட்டு வர்றவங்க நம்மள்ல நிறைய பேரு இருக்கோம். நான் சொட்டுநீர் போட்டுக் குடுக்குற ஆளு, என்கிட்ட வர்ற முதல் கேள்வியே மரத்துக்கு தண்ணி பத்துதான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறதுங்கறதுதான்.

இலை சுருண்டா தெரியும், ஆனா சாத்துக்குடி இலை தடிமன், மெழுகுப்பூச்சு வேற, அது சுருள்றதுக்குள்ள பிஞ்சு கொட்ட ஆரம்பிச்சிடும். அதுக்கு முன்னாடியே காட்டிக் குடுக்கறது இலையோட சூடு. இலைல இருக்குற சின்னச்சின்ன துளை வழியா தண்ணி ஆவியா போறதாலதான் வெயில்லயும் இலை குளுமையா இருக்கு, வேர்ல ஈரம் கொறைஞ்சா மரம் துளையை மூடிக்கும், இலை சூடாகும். 1981லயே அமெரிக்காவுல இட்ஸோ, ஜாக்சன்ங்கற விஞ்ஞானிங்களோட குழு இதை வச்சு ஒரு கணக்கு போட்டாங்க, தண்ணி தாராளமா இருந்தா பூஜ்யம், ஆவி போறது சுத்தமா நின்னா ஒண்ணு, அவ்ளோதான்.

இதுல சிட்ரஸ், அதாவது சாத்துக்குடி, எலுமிச்சை வகை மரம் கொஞ்சம் அழுத்தக்காரன்ங்க. மண்ணுல ஈரம் இருந்தாலும் மார்ச், ஏப்ரல் மதியத்துல காத்து வறண்டு அடிச்சா துளையை பாதி மூடிக்கும். அப்போ போய் அளந்துட்டு ஐயையோ சூடா இருக்கேன்னு மோட்டாரைப் போட்டா, ஆயிரம் அடி போர்ல வர்ற தண்ணி வீண்தான். அதனால வெறும் டிகிரியை நம்பாதீங்க. தோட்டத்துல ஒரே வயசு, ஒரே ரகம் ரெண்டு மூணு மரத்துக்கு எப்பவும் குறைவில்லாம தண்ணி விட்டு வைங்க, அதே நேரத்துல அதையும் அளந்து, மத்த மரம் அதைவிட எவ்ளோ சூடுன்னு பாருங்க. பன்னெண்டுல இருந்து ரெண்டு மணிக்குள்ள, மேகம் இல்லாத நேரமா, வெயில் படுற பக்கத்து இலை. காத்து பலமா இருந்தா விட்டுடுங்க.

கொரோனா டைம்ல நெத்தியில காட்டுனாங்களே அந்த கன் இதுக்கு ஆகாது, அது உடம்புச்சூடு அளவுக்குத்தான் செஞ்சது. எலக்ட்ரீஷியன் வச்சிருக்கிற இன்ஃப்ராரெட் கன் போதும். அதுல 12:1னு போட்டிருந்தா பன்னெண்டு அடி தள்ளி நின்னா ஒரு அடி வட்டத்தோட சராசரி சூடு வருதுன்னு அர்த்தம், சிவப்பு லேசர் புள்ளி சும்மா நடுவைக் காட்டத்தான். மதியத்துல வெறும் மண்ணு 50 டிகிரியைத் தாண்டிடும், இலை சந்துல மண்ணு கொஞ்சம் தெரிஞ்சாலே ரீடிங் கெட்டுச்சு, அதனால கிட்டப் போய் அடர்த்தியான இடத்துல அளங்க.

சாட்டிலைட்ல பாக்கலாமேன்னு ஐடி பசங்க கேக்குறாங்க. லேண்ட்சாட்ங்கற அமெரிக்க சாட்டிலைட் எடுக்குற தெர்மல் படத்துல, அதாவது சூட்டைக் காட்டுற படத்துல, ஒரு புள்ளிக்கு 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர், ஆறு மீட்டர் இடைவெளில வச்சா கிட்டத்தட்ட 277 மரம் ஒரே புள்ளில போயிடும், நம்ம ரெண்டு ஏக்கர் அதுல ஒரு புள்ளிக்கே வராது. ட்ரோன் நல்லாத்தான் இருக்கு, ஆனா சின்ன தோட்டத்துக்கு காசு வேஸ்ட்னு என் அபிப்ராயம்.

இன்னொரு உபயோகம், பூ எடுக்க வேணும்னே தண்ணியை நிறுத்துவோம்ல, நாக்பூர் ஆரஞ்சுக்காரங்க பஹார்ங்கறாங்க, அப்போ மரம் எவ்ளோ வாடுதுன்னு நாளுக்கு நாள் பாத்துக்கிட்டே வரலாம். காய் பிடிச்ச அப்புறம் இந்த விளையாட்டு வேணாம், காயவிட்டு திடீர்னு தண்ணியைக் கொட்டுனா பழம் வெடிச்சிடும்.

வரிசைல ஒரே ஒரு மரம் மட்டும் சூடா இருந்தா மொதல்ல ட்ரிப்பரைப் பாருங்க, போர் தண்ணி உப்புல அடைச்சிருக்கும். ட்ரிப்பர் சரியா சொட்டுது, மண்ணும் ஈரமா இருக்கு, ஆனா இலை சூடுன்னா, வேர் அழுகலா இருக்கலாம், வேர் உறிஞ்சலைன்னாலும் இலை சூடாகத்தான் செய்யும். அந்த மரத்துக்கு இன்னும் தண்ணி விட்டா அழுகல்தான் கூடும், ஓரமா கொஞ்சம் மண்ணைத் தள்ளி ஒரு சல்லிவேரை எடுத்து உருவிப் பாருங்க, தோல் மட்டும் கையோட கழண்டு வந்து உள்ள நரம்பு மாதிரி நின்னா வால்வை மூடிட்டு தோட்டக்கலை ஆபீஸர்கிட்ட காட்டுங்க.