எண் இல்லாத துப்பாக்கி

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர், பீஞ்சமந்தைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே,

கடையில் வாங்கிய உரிமத் துப்பாக்கியைத் திருப்பிப் பாருங்கள். இரும்பிலேயே கம்பெனிப் பெயரும் ஒரு எண்ணும் வெட்டியிருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் விற்ற கடை, அதன் பதிவேடு, வாங்கியவர் வீடு என்று போய்ச் சேரலாம். சுட்டால் காலித் தோட்டா மிஞ்சும். அதன் அடியில் ஊசி குத்திய தடம் இருக்கும். மலையில் கரிமருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு எண்ணும் இல்லை, காலித் தோட்டாவும் இல்லை. குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் கிடையாது என்பதால் ஈய ரவையிலும் அடையாளம் பதியாது. கொல்லையில் ஒருவர் குண்டடிபட்டுக் கிடந்தால், எந்தத் துப்பாக்கி என்று சொல்ல அங்கே சாட்சியே இல்லை.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. அங்கே சொந்த உபயோகத்துக்குத் தானே செய்துகொள்ளும் துப்பாக்கிக்கு எண் போட வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் கேட்கவில்லை. அந்தச் சந்தில் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். 2022-ல் அந்தப் பெட்டிகளைக் கட்டுப்படுத்த விதி வந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதை ஏற்றது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் அதற்கு முன்பே தனிச் சட்டம் போட்டிருந்தன. நம் நாட்டில் மாநிலம் அப்படிப் போட முடியாது. ஆயுதம் நாடாளுமன்றம் சட்டம் போடும் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது.

நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அந்தச் சந்தே கிடையாது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 3-ஆம் பிரிவில் குற்றம். செய்வதும் விற்பதும் 5-ஆம் பிரிவில் குற்றம். பழுது பார்ப்பதும் அதில் அடக்கம். தெரிந்தவர் கேட்டார் என்று துப்பாக்கியின் குதிரையைச் சரிசெய்து கொடுக்கும் பட்டறைக்காரர் இதை அறிந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்தின்படி, வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை. செய்தால், பழுது பார்த்தால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.

தண்டனை கூடியது. ஆனால், அப்பா பரணில் விட்டுப்போன துப்பாக்கியைக் கொடுத்துவிட நினைக்கும் மகனுக்கு வழி எங்கே? தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல் துறை அவ்வப்போது அறிவிக்கிறது. கெடு முடிந்ததும் அந்தக் கதவு மூடிவிடுகிறது. பயந்தவர் காட்டில் வீசுகிறார்; அதை ஆடு மேய்க்கும் பிள்ளை எடுக்கிறது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. 39-ஆம் பிரிவின்படி, வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கு நடத்த மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியரின், முன் அனுமதி வேண்டும். தாமாகக் கொடுத்தவர் மீது அனுமதி தருவதில்லை என்று ஆண்டு முழுவதும் நிற்கும் ஒரு நடைமுறையை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆட்சியர்கள் எழுத்தில் வைக்க வேண்டும். செய்து விற்றவருக்கு இந்தச் சலுகை தேவையில்லை.

காட்டுப் பன்றி கடலையைத் தோண்டிவிடுகிறதே என்பீர்கள். அந்த வேதனை உண்மை. பயிர்க் காவலுக்குக் குழல் வாய் வழியே கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கே உரிமம் தரலாம் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உரிமம் பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. அதற்கு வன உயிரினச் சட்டம் தனியாக இருக்கிறது.

ஒப்படைக்க நினைப்பவர்கள் கவனியுங்கள். சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். வழியில் பிடித்தால் கடத்தினதாகத்தான் தெரியும். முதலில் ஊர்ப் பெரியவரையோ வழக்கறிஞரையோ வைத்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்களை வரச் சொல்லுங்கள். பல வருஷமாகக் கிடந்தது கெட்டித்தபடியே இருக்கலாம். குழலைக் குடையாதீர்கள், அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், வாய்ப்பக்கம் நிற்காதீர்கள். மருந்து தனியாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். எடுத்துப்போகும்போது எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். துப்பாக்கிக்கு எண் இல்லை அல்லவா? அதனால் குழல் நீளம், கட்டையின் மரம், வெடிப்பு, கட்டியிருக்கும் கம்பி என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தேதியும் நேரமும் வாங்கியவர் கையெழுத்தும் இருக்க வேண்டும்.