திமிங்கிலத்தைத் தேடிய மோப்ப நாய்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்தை வேட்டையாடக் கூடாது என்ற தடை 1935-லேயே வந்துவிட்டது. ஆயினும் இன்று உலகில் எஞ்சியிருப்பவை 400-க்கும் குறைவு. இப்போது அவற்றைக் கொல்வோர் கொல்லும் எண்ணமே இல்லாதவர்கள். சரக்குக் கப்பல் இருளில் மோதிவிடுகிறது. சிங்கி இறால் கூண்டிலிருந்து மேலே மிதவை வரை செல்லும் கயிறு உடலைச் சுற்றி இறுக்குகிறது. எண்ணமில்லாமல் நேரும் சாவை வேட்டைத் தடையால் நிறுத்த முடியாது. கப்பலின் பாதையும் மீனவரின் கருவியும் மாற வேண்டும். பல ஆண்டுகளாக நான் வற்புறுத்தி வருவது இதைத்தான்.

மாற்றம் கேட்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள, கடலில் நீந்திக்கொண்டிருக்கும் ஓர் உயிரிடம் ஊசி குத்தி இரத்தம் எடுக்க இயலாது. நியூ இங்கிலாந்து நீர்வாழ் காட்சியகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ரோசலிண்ட் ரோலண்ட், அதன் மலத்தைச் சேகரித்தார். உடல் படும் வேதனையைக் காட்டும் ஹார்மோன்களின் எச்சம் அதில் இருக்கிறது. ஆனால் அது சிறிது நேரமே மிதந்துவிட்டு மூழ்கிவிடும். பரந்த கடலில் அதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஊரில் களவு நடந்தால் காவல்துறையின் மோப்ப நாய் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைக்காகக் கனடாவின் ஃபண்டி விரிகுடாவுக்கு ஃபார்கோ என்ற ராட்வைலர் நாய் வந்தது. படகின் முன்முனையான அணியத்தில் அது நிற்கும். படகைக் காற்றுக்குக் குறுக்காக ஓட்டிச் செல்வார்கள். வாசனை தட்டியதும் அதன் உடல் முழுவதும் அந்தப் பக்கமாகச் சாயும். சாயும் திசைக்குச் சுக்கான் திரும்பும். நாய் ஓட முடியாது, படகுதான் அதற்குக் கால். ஒரு கடல் மைலுக்கும் அப்பாலிருந்து இவ்வாறு கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

அந்த ஆய்வு தந்த விடை ஒன்றைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில நாட்கள் அந்த விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. அந்த நாட்களில் எடுத்த மல மாதிரிகளில் வேதனை ஹார்மோன் குறைந்திருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அதே பருவத்தில் அத்தகைய இறக்கம் இல்லை. கப்பல் மோதாவிட்டாலும் அதன் ஓசையே திமிங்கிலத்தை வாட்டுகிறது என்பதற்கு 2012-இல் வெளியான அந்த முடிவு அரிய சான்று. திமிங்கிலத்தைத் தொடவே இல்லை. அது விட்டுச்சென்றதை மட்டும் எடுத்தார்கள் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

பாதையை மாற்றுவது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 2003-இல் ஃபண்டி விரிகுடாவின் கப்பல் தடங்களே திமிங்கிலங்கள் கூடும் இடத்தைவிட்டு நகர்த்தப்பட்டன. நமக்கு அருகில், இலங்கையின் தேவேந்திரமுனைக்குத் தெற்கே நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் கடலின் ஊடாகவே உலகின் நெரிசல் மிக்க கப்பல் தடமொன்று செல்கிறது. எம்.எஸ்.சி. என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தானாகவே விலக்கியது. ஒரு நிறுவனம் விலகினால் போதாது. தடம் முழுவதுமே விலக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேரம் முடியப் போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். கயிற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மிதவையையும் கயிற்றையும் கூண்டோடு கடலடியிலேயே வைத்துவிட்டு, மீனவர் படகிலிருந்து ஒலிச் சைகை அனுப்பும்போது மட்டும் அவை மேலே எழுமாறு செய்யும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றின் விலை சிறு மீனவருக்கு எட்டாதது. அதனால் அமெரிக்க அரசின் மீன்வள ஆய்வு மையம் ஒன்று, நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோல, அவற்றை மீனவர்களுக்கு இரவலாகக் கொடுத்துப் பழகிப் பார்க்கச் சொல்கிறது. வணக்கம்.