என்னிடம் இல்லாத பெட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் இருக்கும் பழைய ரேடியோக்களைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் நிலையத்தார் என்னை அழைத்தார்கள். இருப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மர்ஃபி, புஷ், ஃபிலிப்ஸ், ஜி.இ.சி. என்று நம் ஊரில் தேடினால் இன்றைக்கும் கிடைக்கிற வால்வு செட்டுகள்தான், அதாவது டிரான்ஸிஸ்டர் வருமுன் கண்ணாடிக் குழாய்களால் ஓடிய ரேடியோக்கள். உங்களில் சிலர் வீட்டுப் பரணிலேயே ஒன்று கிடக்கலாம். அதனால், என்னிடம் இல்லாததைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். பழைய ரேடியோ, டிவி சேகரிக்கும் எங்களைப் போன்ற ஆட்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான் ஓடும்.

எந்தப் பெட்டிக்கு ஆளாளுக்கு இப்படி ஏங்குகிறோம் என்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. நன்றாக உழைத்து, லட்சக்கணக்கில் விற்ற செட்டுக்கு யாரும் ஏங்குவதில்லை. அது எங்கேயாவது கிடைத்துவிடும். ஏங்குவதெல்லாம் வந்த காலத்தில் விலை போகாத பெட்டிகளுக்கும், செய்த சரக்கே கோளாறாகிக் கெட்டுப்போகிற பெட்டிகளுக்கும்தான்.

அமெரிக்காவில் ஸ்பார்ட்டன் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த நாக்டர்ன் இதற்கு நல்ல உதாரணம். வடிவமைத்தவர் வால்ட்டர் டோர்வின் டீக். கோடக் கேமராக்களுக்கு உருவம் கொடுத்த அதே ஆள். ஏறக்குறைய நாலடி உயரத்துக்குத் தரையில் நிற்கும் வட்டமான நீலக் கண்ணாடி, குறுக்கே வெள்ளியாக மின்னும் பட்டைகள், நடுவில் டயல். அமெரிக்காவில் பாதிப் பேர் கையில் காசில்லாத காலம் அது. ஹோட்டல் வரவேற்பறைக்குப் பொருந்துகிற சாமானை வீட்டுக்கு யார் வாங்குவார்கள்? விற்றதே கொஞ்சம்; கண்ணாடி உடைந்து மிஞ்சியது அதைவிடக் கொஞ்சம். இன்று அது சேகரிப்பாளர்கள் பட்டியலில் முதல் இடத்தில் நிற்கிறது. எனக்கு அதில் அவ்வளவு ஆசை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியோவை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும், நிலைக்கண்ணாடிதான் பெரிது.

அதே வருஷம் ஜெனித் கம்பெனி ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று ஒன்றை வெளியிட்டது. 25 வால்வு, விலை 750 டாலர். அன்றைக்கு ஒரு புது ஃபோர்டு கார் அதைவிட மலிவு. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் உண்மையிலேயே ஆசைப்படுகிற ரேடியோ இங்கிலாந்தில் செய்தது. சவுத்எண்ட் ஊரில் இ.கே. கோல் கம்பெனி 1934-ல் கொண்டுவந்த எக்கோ ஏ.டி.65. எக்கோ என்ற பெயர் நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. டாடாவின் நெல்கோ கம்பெனி 1940-ல் தொடங்கியபோது அதன் பெயரே நேஷனல் எக்கோதான். இந்த ஏ.டி.65 முழு வட்டம். வெல்ஸ் கோட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தது. அதுவரை ரேடியோ என்றால் மரத்தில் செய்த ஒரு சின்ன பீரோ. தச்சன் பார்த்துச் செய்கிற வேலை. பேக்கலைட் என்ற தொடக்ககாலப் பிளாஸ்டிக் வந்தபிறகு, தூளை அச்சில் போட்டுச் சூட்டோடு அழுத்தினால் பெட்டி முழுசாக வெளியே வந்துவிடும் என்றானது. அப்புறம் எதற்கு மரப்பெட்டியின் மூலைகள்? உள்ளே ஸ்பீக்கர் வட்டம். அதைச் சுற்றி டயலையும் வில்லாக வளைத்துவிட்டார். மரத்தை மறந்துவிட்டு யோசித்த ரேடியோக்களில் இது முன்னோடி. பழுப்பிலும் கறுப்பிலும் செய்ததற்கே நல்ல விலை. பச்சை நிறத்தில் ஒன்று அகப்பட்டால் பெரிய தொகை சொல்வார்கள்.

பழைய ரேடியோ பெரும்பாலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருப்பதற்குக் காரணம் உண்டு. பேக்கலைட்டில் மரத்தூள் கலப்பார்கள். கெட்டியாகும், எளிதில் உடையாது, ஆனால் வெளிர் நிறம் வராது. மரத்தூள் கலக்காத அதே வகைப் பிசினுக்கு கேட்டலின் என்று பெயர். அதை ஈய அச்சுகளில் கூழாக ஊற்றி, நாள் கணக்கில் அடுப்பில் வேக வைத்து, வெளியே எடுத்துக் கையால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். நிறம் என்ன வேண்டுமோ போட்டுக்கொள்ளலாம். சிவப்பு, பச்சை, நீலம், பளிங்கில் ஓடுகிற மாதிரி கோடுகள். அமெரிக்காவில் ஃபேடா கம்பெனியின் புல்லட் என்ற செட், போருக்கு முன்னால் 115 என்ற எண்ணிலும் போர் முடிந்ததும் 1000 என்ற எண்ணிலும் வந்தது. ஒரு பக்கம் உருண்டு, மறு பக்கம் சீராக நிற்கும். எமர்சன் கம்பெனி 1940-ல் அமெரிக்கக் கொடியின் மூன்று நிறங்களில் பேட்ரியட் என்று ஒன்று செய்தது.

உள்ளே இருப்பது சாதாரண ஐந்து வால்வு சரக்குதான். நம் ஊர் மெக்கானிக் யாரும் அரை நாளில் சரிசெய்துவிடுவார். பெட்டிக்குத்தான் அவ்வளவு விலை.

அந்தப் பெட்டிதான் சும்மா இருக்காது. வெளிச்சம் படப்பட மேல்தோல் மஞ்சளாகிக்கொண்டே போகும். இன்று பனங்கற்கண்டு நிறத்தில் ஒரு ஃபேடா பார்த்தால், கடையில் விற்றபோது அது வெள்ளை. நீலமாக வந்தது மஞ்சள் ஏறிப் பச்சையாகிவிடும். பச்சை ரேடியோ என்று நினைத்து வாங்கியவர், பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேஸிஸைக் கழற்றி உள்பக்கம் வெளிச்சம் படாத இடத்தைப் பார்த்தால் நீலம் தெரியும். இது போதாதென்று, கேட்டலின் சுருங்கவும் செய்யும். உள்ளே உலோகச் சேஸிஸ் சுருங்காது, பெட்டி சுருங்கும். ஏதோ ஒரு ராத்திரி மூலையில் விரிசல் விடும். வால்வின் சூடு நேராகப் படுகிற மேல்தட்டு கருகி வளையும். அதனால்தான் விரிசலில்லாத ஒன்றுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு தீராத சண்டை உண்டு. மேல்தோலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பழைய நிறம் வெளியே வரும். தேய்க்கலாமா, கூடாதா? தேய்க்கிறவர்கள் அன்று கடையில் இருந்த நிறம்தான் அசல் என்கிறார்கள். நான் தேய்க்காத கட்சி. தேய்த்தால் சுவர் மெலியும், மறுபடி மஞ்சளாகத்தான் போகும். என்னிடம் ஒன்றும் இல்லாததால் இந்தக் கட்சியில் இருப்பது எனக்கு எளிது.

டிரான்ஸிஸ்டர் பக்கம் ஒரே ஒரு பெயர். 1954 அக்டோபரில் அமெரிக்காவில் அறிவித்த ரீஜென்சி டி.ஆர்.1. முதன்முதலாகக் கடைக்கு வந்த டிரான்ஸிஸ்டர் ரேடியோ. நாலு டிரான்ஸிஸ்டர், 49 டாலர் 95 சென்ட், சட்டைப்பையில் அடங்கும். சத்தம் சுமார்தான், பேட்டரி செலவும் ஜாஸ்தி. ஒரு லட்சத்தை ஒட்டி விற்றது, அதனால் தேடினால் இன்னும் கிடைக்கும்.

இனி தொலைக்காட்சி. முதலில் பெயர்டு. ஜான் லோகி பெயர்டு 1926 ஜனவரி 26 அன்று லண்டன் சோஹோவில் ஒரு மாடி அறையில் படம் காட்டினார். 1930-ல் அவருடைய டெலிவைசர் விற்பனைக்கு வந்தது. பிளெஸ்ஸி கம்பெனி ஏறக்குறைய ஆயிரம் செய்தது. படம் தெரிகிற கண்ணாடிக் குழாயான பிக்சர் டியூபே இல்லாத டிவி. ஒரு அலுமினியத் தட்டு, அதன் விளிம்பில் சுழலாக முப்பது துளை, பின்னால் ஒரு நியான் விளக்கு. தட்டு நொடிக்குப் பன்னிரண்டரை தடவை சுற்றும். முன்னால் உள்ள லென்ஸ் வழியே பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில், தீப்பெட்டி அளவில், ஆடுகிற ஒரு முகம். மொத்தப் படமும் 30 கோடுகளால் ஆனது. இதில் எனக்குப் பிடித்தது இதுதான்: படம் அவ்வளவு சொற்பமானதால், அதற்கான சிக்னல் பேச்சு, பாட்டுக்கான ஒலி சிக்னல் அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். பெயர்டு அதை 1927-லேயே கிராமபோன் தட்டில் பதிவு செய்திருக்கிறார். இன்று ஒரு டெலிவைசரை ஓட்டிக் காட்டவேண்டுமானால் ஒலிபரப்பு எதுவும் தேவையில்லை. கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் மாட்டும் துளையிலிருந்தே படத்தைக் கொடுத்துவிடலாம். பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

1936 நவம்பர் 2-ம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது வந்த மார்கோனிஃபோன் 702 டிவியில் படம் முகம் பார்க்கும் கண்ணாடியில்தான் தெரியும். அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் நீளமாக இருக்கும். படுக்கவைத்தால் பெட்டி சுவரைத் தாண்டிப் போகும். எனவே நெட்டுக்குத்தாக நிறுத்தி, மேல்மூடியின் உள்பக்கம் கண்ணாடி பதித்துவிட்டார்கள். மூடியைச் சாய்வாகத் திறந்துவைத்தால் எதிரே உட்கார்ந்தவருக்குப் படம். அதில் ஒன்று 2011-ல் லண்டன் ஏலத்தில் 16,800 பவுண்டுக்குப் போனது. அன்று வாங்கியவர் கொடுத்தது கிட்டத்தட்ட நூறு பவுண்டு. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்த டி.ஆர்.கே.12-ம் இதே கண்ணாடி மூடிதான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஜனங்கள் சந்தேகப்படக் கூடாதென்று ஒரு செட்டை மட்டும் முழுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்து அங்கே நிறுத்தினார்கள்.

கலர் டிவி என்றால் எல்லோர் வாயிலும் வருவது ஆர்.சி.ஏ. சி.டி.100. 1954 மார்ச்சில் இண்டியானா மாநிலத்து ஆலையில் தொடங்கினார்கள். விலை ஆயிரம் டாலர், பார்க்கக் கிடைக்கிற கலர் நிகழ்ச்சியோ சொற்பம். யார் வாங்குவார்கள்? அந்த வருஷத்துக்குள்ளேயே விலையைப் பாதியாக்கினார்கள். மொத்தம் செய்தது ஐயாயிரத்துக்குள்தான். அதில் பிழைத்திருப்பதற்கும் பெரும்பாலும் உயிர் கிடையாது. கோளாறு பிக்சர் டியூபில். முன் கண்ணாடியையும் பின்புனலையும் ஓர் உலோக வளையத்தால் இணைத்திருந்தார்கள். கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தில், வருஷம் போகப்போக மிக மெல்லக் காற்று நுழைந்துவிடும்.

காற்று நுழைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை உங்கள் வீட்டு மர்ஃபியிலேயே பார்க்கலாம். வால்வின் உச்சியில் உள்பக்கம் வெள்ளி பூசினாற்போல் ஒரு திட்டு இருக்கும். அது பேரியம். மிச்சம் மீதியிருக்கும் காற்றைப் பிடித்துவைக்க ஆலையிலேயே போட்டது. திட்டு மின்னினால் வால்வுக்குள் வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பால் மாதிரி வெளுத்துவிட்டால் கதை முடிந்தது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர் எதை மாற்றியும் பயனில்லை. சி.டி.100 விற்பனைக்கு வருகிறது என்றால் வாங்குகிறவர் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது பிக்சர் டியூபில் உள்ள அந்தத் திட்டைத்தான். ஒஹையோ மாநிலத்தில் ஹில்லியர்டு என்ற ஊரில் தொடக்ககாலத் தொலைக்காட்சிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இந்தச் செட் கலர் காட்டுவதைப் பார்க்கலாம்.

உருவத்துக்காக ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு வரிசை. 1958-ல் வந்த ஃபில்கோ பிரடிக்டா, திரையைத் தனியே கழுத்தில் நிறுத்திச் சுழலவிட்டது, ஓயாமல் ரிப்பேர். மேற்கு ஜெர்மனியின் கூபா கோமெட், பாய்மரம் விரித்தாற்போல் இரண்டு மீட்டர் அகலத்துக்கு டிவி, ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் எல்லாம் ஒன்றாக. 1970-ல் ஜே.வி.சி. செய்த விண்வெளி ஹெல்மெட் டிவி. சோவியத் நாட்டு கே.வி.என்.49-ல் திரை சின்னது என்பதால் முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி லென்ஸ் மாட்டிக்கொள்வார்கள். கோமெட்டை விட்டால் மற்றவை காசு இருந்தால் வாங்கக்கூடியவைதான்.

கடைசியாக ஒன்று. காசு கொடுத்தாலும் எனக்குக் கிடைக்காத பெட்டி வெளிநாட்டில் இல்லை. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ம் தேதி தொலைக்காட்சி தொடங்கியது. அந்தச் சமயத்தில் சென்னையிலேயே தயாரித்த சாலிடேர், டயனோரா போன்ற கறுப்பு வெள்ளை செட்டுகள். நாலு கால் வைத்த மரப்பெட்டி, இழுத்து மூடுகிற ஷட்டர், பூட்டுவதற்குச் சாவி. தெருவே வந்து உட்கார்ந்து பார்த்த பெட்டிகள் எங்கே போயின? 1982-க்கு அப்புறம் கலர் வந்ததும் பரணுக்கு, அங்கிருந்து பழைய இரும்புக்கடைக்கு. ரேடியோவை அழகுக்காகவாவது ஷோகேசில் வைத்தார்கள். டிவி இடத்தை அடைத்ததால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்கள்.

மிஞ்சிய கொஞ்சத்தையும் சில வருஷங்களுக்கு முன் ஒரு புரளி முடித்துவைத்தது. பழைய ஷட்டர் டிவிக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம், கோடிக்கணக்கில் விலையாம். பூண்டைக் காட்டினால் விலகுமாம், தங்கத்தைக் காட்டினால் நெருங்கி வருமாம். வாட்ஸ்ஆப்பில் வீடியோ வேறு. அப்படி ஒரு பொருளே கிடையாது. டிவியின் பிக்சர் டியூபில் சாதாரணப் பாதரசம்கூட இல்லை. ஆனாலும் உடைத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில் எனக்கு வந்த ஒரு செட்டில் ஷட்டர், நாப், பின்மூடி எல்லாம் பத்திரம். பிக்சர் டியூபின் கழுத்தை மட்டும் ஒடித்து எடுத்திருந்தார்கள். கொண்டுவந்தவர், பாதரசம் போனது போகட்டும், மரப்பெட்டிக்காவது லட்சம் தருவீர்களா என்றார்.

எனவே உங்கள் பரணில் ஒரு ஷட்டர் டிவியோ வால்வு ரேடியோவோ இருந்தால், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று நேராகக் கரண்டில் சொருகாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த கண்டன்சர் ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி.-டி.சி. செட்டாக இருந்தால் சேஸிஸிலேயே கரண்ட் பாயலாம், தொட்டால் ஆபத்து. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, 60 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். எரிந்து மங்கினால் பிழைக்க வழியுண்டு. டிவியின் பின்மூடியை நீங்களாகக் கழற்றவேண்டாம். மூடியின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண் சீட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோ, டிவி வைத்திருக்க அன்று தபால் நிலையத்தில் ஸ்டாம்பு ஒட்டி வாங்கிய லைசென்ஸ் புத்தகம் கூடவே இருந்தால், அதையும் குப்பையில் போடாமல் பெட்டியோடு சேர்த்து வையுங்கள். விற்கிற எண்ணமிருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். லட்சம் எல்லாம் தரமாட்டேன்.

நன்றி, வணக்கம்.