பிளாஸ்டர் கட்டிய விரலும் காணாமல் போன கோட்டும்

(காட்சி: கடல். தொலைவில் பம்பாய்த் துறைமுகத்தின் பழைய படம்.)

1948. லண்டனிலிருந்து திரும்பிய கப்பல் ஒன்று பம்பாய்க்கு அருகே தரைதட்டி நிற்கிறது. கடலில் வற்றம், நீர் ஏறினால்தான் நகரும். மேல்தளத்தில் நின்று பார்த்தால் கரை தெரிகிறது, போய்ச் சேரத்தான் முடியவில்லை. கப்பலில் இருப்பது சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஹாக்கி அணி. இரண்டு நாள் அப்படியே கிடந்தார்கள். கரையில் காத்திருந்தவர்களில் சிலருக்குப் பொறுக்கவில்லை. படகு பிடித்துக் கடலுக்குள்ளேயே போய் வாழ்த்திவிட்டு வந்தார்கள்.

இந்தக் கதையை முதுமையிலும் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் பல்பீர் சிங். 'சீனியர்' என்ற ஒட்டுப்பெயருடன் அறியப்பட்டவர். ஒட்டுப்பெயர் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு: இந்திய ஹாக்கியில் அத்தனை பல்பீர் சிங்குகள். 1968 ஒலிம்பிக் அணியில் மட்டும் மூன்று பேர். வானொலி வர்ணனையாளர்கள் பாவம்.

விளையாட்டு குணத்தை வளர்க்கும், நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் என்று பள்ளி ஆண்டு விழாவில் தலைமை விருந்தினர் பேசாத ஆண்டு இல்லை. நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். குணம் எங்கே வளர்கிறது, பெருமை யாருக்குச் சேர்கிறது என்று இந்த ஒரே மனிதரை வைத்துப் பார்க்கலாம்.

(காட்சி: வரைபடம். பிரிக்கப்படாத பஞ்சாப்.)

பல்பீரின் தந்தை சுதந்திரப் போராட்ட வீரர், அடிக்கடி சிறை சென்றவர். அந்த வீட்டுப் பிள்ளையை, ஹாக்கி நன்றாக ஆடுகிறான் என்பதற்காக, பஞ்சாப் போலீஸ் தன் அணிக்குக் கேட்டது. வெள்ளைக்காரன் போலீஸில் சேர்வதா என்று பல்பீர் டெல்லிக்குப் போய் வேறு வேலை பார்த்தார். போலீஸ் விடவில்லை. கையில் விலங்கு மாட்டி ஜலந்தருக்குக் கொண்டுவந்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஹாக்கி மட்டும் ஆடுவேன் என்ற நிபந்தனையோடு காக்கி உடுத்தினார். நாட்டுப் பற்றும் ஆட்டத்தின் மீதான ஆசையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் இழுத்தால் மனிதன் இப்படித்தான் சமாளிப்பான். பாடப்புத்தகத்தில் வருகிற கதாநாயகனாக இருந்திருந்தால் சிறைக்குப் போயிருப்பார். நமக்கு ஒரு சென்டர் ஃபார்வர்ட் கிடைத்திருக்க மாட்டார்.

பிறகு பிரிவினை வந்தது. ஒன்றாக ஆடி தேசியக் கோப்பை வென்ற பஞ்சாப் அணி இரண்டாக உடைந்தது. இதில் ஒருவரை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம்: அலி இக்திதார் ஷா தாரா. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு முன்பு நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் இந்தியா தோற்றுவிட, அவசரமாகத் தந்தி அடித்து தாராவை வரவழைத்தார்கள். தியான் சந்த் தலைமையில் ஜெர்மனியை 8-1 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தில் அவரும் ஆடினார். ஆட்டம் நடந்த தேதி ஆகஸ்ட் 15. அன்று உடைமாற்றும் அறையில், ரகசியமாகக் கொண்டுபோன காங்கிரஸ் மூவர்ணக் கொடிக்கு வீரர்கள் வணக்கம் செலுத்திவிட்டுக் களத்தில் இறங்கினார்கள். மைதானத்தில் ஏறியதோ பிரிட்டிஷ் இந்தியாவின் கொடி.

அதே தாரா 1948இல் பாகிஸ்தான் அணியின் கேப்டன்.

(இங்கே இரண்டு நொடி மௌனம். பின்னணி இசை வேண்டாம்.)

லண்டன் ஒலிம்பிக்கின் ஹாக்கி அரையிறுதியில் பாகிஸ்தான் பிரிட்டனிடம் தோற்றது. தோற்காமல் இருந்திருந்தால், பிரிவினை முடிந்து ஒரு வருடம் நிறைவதற்குள் பழைய கூட்டாளிகள் வெம்பிளி இறுதி ஆட்டத்தில் நேருக்கு நேர் நின்றிருப்பார்கள்.

(காட்சி: வெம்பிளி மைதானம், 1948. கறுப்பு வெள்ளைப் படங்கள்.)

இந்தியாவுக்கு இறுதியில் கிடைத்த எதிரணி பிரிட்டன். ஹாக்கியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ராணுவம். ஆனால் இந்தியா தங்கம் வென்ற 1928, 1932, 1936 ஒலிம்பிக்குகளில் பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவே இல்லை. ஆளப்படுபவர்களிடம் தோற்க மனமில்லை என்று அப்போதே பேச்சு இருந்தது. எப்படியோ, ஒலிம்பிக்கில் இரண்டு அணிகளும் சந்தித்தபோது இந்தியா சுதந்திர நாடு.

இங்கே பல்பீரின் நிலைமையைக் கவனியுங்கள். அர்ஜென்டினாவுக்கு எதிரான ஆட்டத்தில் கோல்களாக அடித்துக் குவித்தவர் அவர். இந்தியா 9-1 என்று வென்றது. அதற்குப் பரிசாக அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் வெளியே உட்காரவைத்தார்கள். அணித் தேர்வில் அரசியல் என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் தூதரகம் வரை போய் முறையிட்டார்கள் என்று பல்பீர் சொல்லியிருக்கிறார். இறுதி ஆட்டத்தில் இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 12. ஈரத் தரை. பந்து ஓடவில்லை, இந்தியர்களின் நுணுக்கமான ஆட்டத்துக்கு அது எதிரி. பல்பீர் முதல் கால் மணி நேரத்துக்குள் இரண்டு கோல் அடித்தார். ஆட்டம் 4-0 என்று முடிந்தது. மூவர்ணக் கொடி ஏறியது, தேசிய கீதம் ஒலித்தது. அப்போது தந்தையின் நினைவு வந்தது என்று பல்பீர் பின்னர் சொன்னார். நாட்டுப் பெருமை என்கிறோமே, அன்று அந்த மனிதருக்கு அது தன் வீட்டுச் சமாச்சாரமாக இருந்தது.

நான்கு வருடம் கழித்து ஹெல்சின்கி. நெதர்லாந்துக்கு எதிரான இறுதியில் இந்தியா 6-1. ஆறில் ஐந்து பல்பீர் அடித்தவை. ஒலிம்பிக் ஆண்கள் ஹாக்கி இறுதியில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

(காட்சி: மெல்போர்ன், 1956.)

ஆனால் குணம் என்று பேச வேண்டுமானால் நான் கோல்களை எடுக்க மாட்டேன், விரலை எடுப்பேன். மெல்போர்னில் பல்பீர் கேப்டன். ஆப்கானிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் வலது கை விரல் முறிந்தது. ஹாக்கி மட்டையின் கீழ்ப்பகுதியைப் பிடிப்பது வலது கை. அது போனால் பந்தைத் தள்ளலாம், அடிக்க முடியாது. அணி நிர்வாகம் ஒரு தந்திரம் செய்தது: முறிவை வெளியே சொல்லாதே. பல்பீர் களத்தில் நின்றால் எதிரணி அவரைச் சுற்றி இரண்டு பேரை நிறுத்தும். மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். இடையில் இரண்டு ஆட்டங்கள் ஓய்வு. அரையிறுதியிலும் இறுதியிலும் விரலில் பிளாஸ்டர், உடம்பில் வலி மறக்கும் ஊசி.

கோல் அடித்தே பெயர் வாங்கிய ஒருவர், கோல் அடிக்க முடியாது என்று தெரிந்தே, வெறும் தூண்டில் புழுவாக ஓடுவதற்கு இறங்கினார். இறுதியில் எதிரே பாகிஸ்தான். பெனால்டி கார்னரில் ரந்தீர் சிங் ஜென்டில் அடித்த ஒரே கோலில் ஆட்டம் முடிந்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா அடித்தது 38 கோல், வாங்கியது பூஜ்யம்.

1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றபோது அவர் அணி மேலாளர். அரையிறுதியில் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் இறங்கி, கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுச் சமன் செய்யும் கோலை அடித்த அஸ்லம் ஷேர் கானை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைத்துப் போனவர் இந்தச் சீக்கியர். அணியும் கூடவே போனது. பிரிவினைக் காலத்தில் போலீஸ் உடுப்போடு பஞ்சாபைப் பார்த்த ஒருவர் அதைச் செய்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

(காட்சி: காலியான கண்ணாடி அலமாரி.)

இதுவரை தனிமனிதரின் குணம். இனி நாட்டின் குணம்.

1985இல் பல்பீர் தன் சேமிப்பை, விளையாட்டு அருங்காட்சியகம் அமைக்கப்போகிறார்கள் என்று நம்பி, இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். 36 பதக்கங்கள், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணிந்த கேப்டன் கோட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட அரிய புகைப்படங்கள். அருங்காட்சியகம் வரவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கையொட்டி உலகின் 16 ஒலிம்பிக் சாதனையாளர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கண்காட்சிக்காகப் பொருள்களைத் தேடியபோதுதான் எதுவுமே இல்லை என்று தெரிந்தது. குடும்பம் கேட்டுக்கொண்டே இருந்தது. 2020 மே 25 அன்று அவர் இறக்கும்வரை அந்தக் கோட்டு திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு மொகாலி மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர்ப் பலகை வைப்பது நமக்குக் கைவந்த கலை.

பஞ்சாப் கதைதானே என்று நினைக்க வேண்டாம். பல்பீரோடு 1948, 1952, 1956 என்று மூன்று தங்க அணிகளிலும் இருந்த கோல்கீப்பர் ரங்கநாதன் பிரான்சிஸ். ரங்கூனில் பிறந்து, மெட்ராஸுக்காக ஆடி, இங்கேயே 1975இல் மறைந்தவர். சென்னையில் பத்துப் பேரை நிறுத்தி அந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எழும்பூர் ஹாக்கி மைதானம் ஒரு மேயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேயர் மீது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

(காட்சி: எழும்பூர் மைதானம், இரவு, விளக்கொளி.)

அதே மைதானத்தில் 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, 4-3 என்று வென்றது. டிவி முன்னால் உட்கார்ந்து கத்தியவர்களில் நானும் ஒருவன். தேதி ஆகஸ்ட் 12. வெம்பிளி முடிந்து சரியாக 75 வருடம். அன்றிரவு எனக்கு அது உறைக்கவில்லை.